அவைக்குறிப்பில் கொம்பையா

ஜூன் 2, திங்கள்

திங்கட்கிழமை என்றாலே எனக்குக் காலையிலேயே தொண்டை கட்டிவிடுகிறது. மனு நாள். நெடுவிளை சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்று வெளியே பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஒரு பீரோ, தனுக்கோடி அண்ணாச்சி. அவ்வளவுதான். அண்ணாச்சி துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் உதவியாளர் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் நான்தான் அவருக்கு உதவியாளர்.

இன்று அறுபத்தேழு மனு. தெருவிளக்கு, பட்டா, தண்ணீர், மறுபடி தண்ணீர். ஒருவர் தன் மருமகள் தன்னோடு பேசுவதில்லை, நான் சொன்னால் கேட்பாள் என்றார். “மூணு வருசமாப் பேரவைல எனக்கே பேச வாய்ப்புக் கெடைக்கல, உங்க மருமகளை நான் எங்க பேச வைக்க?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சிரித்தார்.

முப்பிடாதி வந்தாள். தொடர்ந்து நாலாவது திங்கள். இந்தத் தடவை புருஷனையும் கூட்டி வந்திருந்தாள். கொம்பையா, ஷேர் ஆட்டோ ஓட்டினவன், முப்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. படி ஏற முடியாமல் வெளியே ஆட்டோவிலேயே இருந்தான், நான் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வாரைக் கழற்றி விட்டிருந்தான்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அறுபத்து நாலு கிலோமீட்டர். முதல் பஸ்ஸில் போனால்தான் இவன் முறைக்குப் போய்ச் சேரலாம். தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

“நம்ம நெடுவிளை ஆஸ்பத்திரிலயே மூணு மிஷின் இருக்காம்லாக்கா?” என்றான். “கவர் போட்டு மூடி வச்சிருக்காகளாம். எட்டிப் பாத்தேன், சன்னல் வழியா தெரியுது.”

எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறைக்கு ரிப்பன் வெட்டினதே நான்தான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த இயந்திரங்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியும் சேர்ந்தே வந்தது. ஓட்டத் தெரிந்த ஆள்தான் வரவில்லை. அந்தப் பணியிடமே இந்த ஆஸ்பத்திரிக்குக் கிடையாதாம். ரிப்பன் வெட்டும்போது இதை ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“பாக்கேன் தம்பி” என்றேன். இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சியோடு உட்கார்ந்து பேரவைக்குக் கேள்வி எழுதினேன். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கோபத்தைக் காட்டக் கூடாது, குற்றம் சாட்டக் கூடாது, “ஏன்” என்று கேட்கக் கூடாது. இப்படித்தான் வந்தது:

(அ) நெடுவிளை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் உள்ளனவா. (ஆ) ஆம் எனில், அவை நல்ல நிலையில் உள்ளனவா. (இ) இல்லை எனில், அதற்கான காரணங்கள் யாவை?

படித்துப் பார்த்தேன். கொம்பையாவின் கால் வீக்கம் இதில் எங்கே இருக்கிறது? அண்ணாச்சியிடம் கேட்டேன். “அது துணைக்கேள்வில வரும்மா. அமைச்சர் பதில் படிச்ச பிறகு நீங்க எந்திரிச்சுக் கேப்பீகல்லா, அங்க சொல்லுங்க” என்றார்.

மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பதுக்கு எழுத்தில் பதில் வந்தது. ஒன்றுகூட அவையில் எடுக்கப்படவில்லை. எங்களுடையது சின்னக் கட்சி. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. கேமராவில் என் முழங்கை மட்டும் இரண்டு தடவை தெரிந்திருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டு நாளுக்குப் பிறகு. எல்லா அண்டாவிலும் பிடித்து வைத்தேன். எம்.எல்.ஏ. வீட்டுக்கு மட்டும் தனிக்குழாய் என்று ஊரில் பேச்சு. வந்து பார்க்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

எடுத்துவிட்டார்கள்! பேரவைச் செயலகத்திலிருந்து அண்ணாச்சிக்குப் போன் வந்தது. என் கேள்வி ஜூலை ஒன்றாம் தேதிப் பட்டியலில், ஏழாவது எண். அவையில் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், நான் எழுந்து நிற்க வேண்டும், ஊரெல்லாம் டி.வி.யில் நேரடியாகப் பார்க்கும்.

சமையலறையில் நின்றுகொண்டே இரண்டு தடவை கையைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஓடி வந்து “என்ன, கரண்ட் அடிச்சிருச்சா?” என்றார். நாங்கள் இருவரும் இருபது வருஷம் சேர்ந்து நடத்திய தையல் கடை, இப்போது அவர் மட்டும் மிஷினில் உட்காருகிறார். விஷயத்தைச் சொன்னேன். “ரவிக்கை தச்சிரலாம்” என்றார். அவருக்கு அதற்கு மேல் பேச வராது.

கொம்பையாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். “அக்கா, அப்ப மிஷின் ஓடிரும்லா?” என்றான். ஓடும் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

மாவட்ட ஆய்வுக் கூட்டம். மனுநாளைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். தேநீர் இடைவேளையில் மருத்துவத் துறை இணை இயக்குநர் டாக்டர் சகாயராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது.

“மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது” என்றார். “பெரியாஸ்பத்திரியிலேருந்து ஒரு டெக்னீஷியனை வாரம் ரெண்டு நாள் நெடுவிளைக்கு அனுப்பிடறேன். உத்தரவுன்னு எதுவும் இருக்காது, வாய்மொழியாத்தான். ஆனா நீங்க அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கணும்.”

“ஏன்?”

“கேள்வி நிலுவையில இருக்கறப்ப நான் ஆளை அனுப்பினா, ரெண்டு வருஷமா மிஷின் சும்மா கிடந்துச்சுன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். மேல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. என்கிட்ட விவரம் கேட்டு கடிதம் வந்தாச்சு. கேள்வி இல்லேன்னா அந்தக் கடிதமும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ் வாங்குங்க, அடுத்த செவ்வாக்கிழமையே ஆள் அங்க இருப்பார்.”

“நிரந்தரமாவா?”

அவர் டீயைப் பார்த்தார். “நான் இங்க இருக்கற வரைக்கும்” என்றார்.

திரும்பி வரும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக வாபஸ் கடிதத்தைத் தட்டச்சு செய்து, “கையெழுத்து மட்டும் போடுங்கம்மா” என்று மேசையில் வைத்துவிட்டார். மூன்றே வரி.

யோசித்தேன். சகாயராஜை அடுத்த மாதம் மாற்றிவிட்டால்? வாய்மொழி வாய்மொழியோடு போய்விடும். அவையில் கேட்டால் பணியிடமே உருவாகும், கொம்பையாவுக்கு மட்டுமல்ல, தொகுதியில் டயாலிசிஸுக்கு அலைகிற பதினோரு பேருக்கும் விடிவு. நான் எனக்காகவா இதை நினைக்கிறேன்? இல்லை.

ஜூன் 18, புதன்

கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்தேன். மயில்கழுத்து நிறம். வெள்ளை போட்டால் கேமராவில் முகம் கறுத்துத் தெரியும் என்று பக்கத்துத் தொகுதி உறுப்பினர் அம்மா சொன்னார்கள்.

முப்பிடாதி வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவள் எட்டிப் பார்த்தாள். சகாயராஜ் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகக் குழம்பிப் போவாள்.

ஜூன் 20, வெள்ளி

கையெழுத்துப் போட ராகுகாலம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு சாவு வீடு, ஒரு பூப்புனித நீராட்டு விழா. திரும்பி வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. செயலகம் மூடியிருக்கும்.

அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

ஐம்பத்தொன்பது மனு. நாய்த்தொல்லை பற்றி மட்டும் எட்டு.

முப்பிடாதி வந்தாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது கொம்பையா பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தானாம். கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தாராம், இவள் காலில் விழாத குறை. சொல்லும்போது அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“இன்னும் எட்டு நாள்தான். ஒண்ணாந்தேதி காலையில டி.வி.யப் போடு. பத்து மணிக்கு. அமைச்சர் முன்னால உன் வீட்டுக்காரன் பேரைச் சொல்லிக் கேக்கப் போறேன்” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “அவுக பேரையா? அங்க வச்சா?”

“ஆமா. நெடுவிளைக் கொம்பையான்னு. நான் சொன்னா அப்படியே எழுதிக்கிடுவாக. அவைக்குறிப்புன்னு புத்தகமா அச்சடிப்பாக. நூறு வருசம் கழிச்சும் அது இருக்கும்.”

“இவுக பேரு ரேசன் கார்டுலயே தப்பாத்தான்க்கா இருக்கு” என்று சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். போகும்போது வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “தேதி ஒண்ணுதான?” என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

கட்சித் தலைமையிலிருந்து நன்றியுரை வந்துவிட்டது. துணைக்கேள்வி கேட்க எழுந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். தலைவருக்கு நன்றி, அவரை ஈன்ற தாய்க்கு வணக்கம், சட்டமன்றக் கட்சித் தலைவருக்கு, கொறடாவுக்கு, பேரவைத் தலைவருக்கு, வாய்ப்பளித்த அமைச்சருக்கு, எனக்கு வாக்களித்த நெடுவிளைத் தொகுதி மக்களின் பொற்பாதங்களுக்கு. நடுவில் தலைவரைப் பற்றி நாலு வரிக் கவிதை வேறு. கவிதை சகிக்கவில்லை.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னைப் பேசச் சொன்னார். நன்றிக்கு ஒன்றே முக்கால் நிமிஷம். கேள்விக்கு நாற்பது விநாடி.

“ரெண்டு நிமிசத்துக்கு மேல விட மாட்டாகம்மா. நன்றியச் சுருக்குங்க. இல்லன்னா கேள்வியை முதல்ல கேட்டுட்டு நன்றியப் பின்னால சொல்லுங்க.”

“போன வருசம் ஒருத்தர் நன்றிய விட்டுட்டுப் பேசுனாரே, அப்புறம் அவரு பேரு எந்தப் பட்டியல்லயாவது வந்துச்சா? அடுத்த தேர்தல்ல சீட்டு?”

அண்ணாச்சி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். வேகமாகச் சொல்லிப் பழகினேன். நன்றியை ஒன்றேகால் நிமிஷத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன். முடியும்.

ஜூன் 30, திங்கள்

சென்னைக்கு ரயில். மனுநாளை அண்ணாச்சி பார்த்துக்கொள்கிறார். கிளம்புமுன் தொகுதியில் உள்ள எல்லா எண்ணுக்கும் செய்தி அனுப்பச் சொன்னேன்: “நாளை காலை 10 மணிக்கு சட்டப்பேரவையில் நம் ரஞ்சிதம் அக்காவின் குரல்! நேரலையில் காணத் தவறாதீர்கள்!” என் போட்டோ கொஞ்சம் பழையது, பரவாயில்லை.

கொம்பையாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்குகிறது. “அக்கா, கண்டிப்பாப் பாப்போம். பேரைத் தெளிவாச் சொல்லுங்க. கொம்பையா. கோம்பையா இல்ல.”

ஜூலை 1, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு அவை கூடியது. ஆறாவது கேள்வி ஒரு பாலத்தைப் பற்றியது, அதிலேயே நேரம் போனது. பிறகு என் முறை. “வினா எண் ஏழு, பேரவைத் தலைவர் அவர்களே” என்று எழுந்து சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

அமைச்சர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். “(அ) ஆம். மூன்று இயந்திரங்கள் உள்ளன. (ஆ) நல்ல நிலையில் உள்ளன. (இ) வினா எழவில்லை.” உட்கார்ந்துவிட்டார்.

நல்ல நிலையில்தான் இருக்கின்றன. உறைகூடக் கிழியவில்லை.

துணைக்கேள்விக்கு எழுந்தேன். தலைவருக்கு நன்றி. தாய்க்கு வணக்கம். கவிதையின் இரண்டாவது வரியில் எங்கள் கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள், தட்டி முடிக்கும்வரை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒத்திகையில் இந்தத் தட்டலைச் சேர்க்கவில்லை. கொறடாவுக்குச் சொல்லும்போது பேரவைத் தலைவர், “கேள்விக்கு வாங்கம்மா, கேள்விக்கு வாங்க” என்றார். நான் வேகத்தைக் கூட்டினேன். தொகுதி மக்களின் பொற்பாதங்கள் வந்தபோது மணி அடித்தது.

“என் தொகுதியில...” என்று தொடங்கினேன். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகுதான் பேரைச் சொன்னேன். நெடுவிளைக் கொம்பையா என்று, தெளிவாக, தொண்டை கிழிய. எனக்கு முன்னால் இருந்தவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அமைச்சர் எழுந்து, “மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நன்றி மட்டும் தெரிவித்தார்கள். அந்த நன்றியை அரசு ஏற்றுக்கொள்கிறது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். பாவி, நானும் பல்லைக் காட்டினேன். கேமரா என் மேல் இருந்தது.

இடைவேளையில் தலைவரின் உதவியாளர் போன் செய்து, தலைவருக்கு மிகவும் மகிழ்ச்சி என்றார். பக்கத்துத் தொகுதி அம்மா, “நிறம் எடுப்பா இருந்துச்சு ரஞ்சிதம்” என்றார்கள்.

ஜூலை 2, புதன்

ரயிலிலிருந்தே சகாயராஜுக்குப் போன் செய்தேன். கேள்விதான் முடிந்துவிட்டதே, இனி ஆளை அனுப்பலாமே என்று கேட்டேன்.

“எப்படி மேடம் முடியும்?” என்றார். “மிஷினெல்லாம் நல்லா இருக்குன்னு பேரவையில பதில் சொல்லியாச்சு. நல்லா இருக்கற இடத்துக்கு எதுக்கு ஆளுன்னு என்னைக் கேக்க மாட்டாங்களா? இனி இதை நான் தொடவே முடியாது. அந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உங்க கடிதத்துக்காக உக்காந்திருந்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

முப்பிடாதிக்குப் போன் செய்ய வேண்டும். நாளைக்குச் செய்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

கொம்பையா இறந்துவிட்டான். விடியும்போது மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வருமுன்னே.

ஜூலை 4, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். அரசியலுக்கு வந்தபின் எத்தனை சாவு வீடு! எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. நேற்று கால் உள்ளே போகவில்லை. பந்தலில் என் போட்டோ போட்ட கண்ணீர் அஞ்சலித் தட்டி கட்டியிருந்தார்கள், நம் ஆட்கள்தான். அதே பழைய போட்டோ. அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன்.

முப்பிடாதி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“செவ்வாக்கிழம பஸ்ஸுக்குக் கெளம்பச் சொன்னேன்க்கா. ‘அக்கா என் பேரச் சொல்லப் போறாக, அதப் பாக்காம எப்படிப் போக’ன்னாக. ‘ஒரு தடவதான, வெள்ளிக்கெழம போய்க்கிடுவோம். இனிமே இங்கயே மிஷின் ஓடும்’னாக. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டு டி.வி. முன்னால உக்காந்தாக. தெருவே வந்து உக்காந்துச்சு.”

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க எந்திரிச்சு நின்னீக. உங்களக் காட்டுனான். கவிதை சொல்லும்போது கரண்டு போயிருச்சுக்கா. பாவிக, அந்த நேரத்துலயா எடுக்கணும்? போன்ல கட்சிக்காரக அனுப்புன வீடியோவுலயும் கவிதை வரைக்கும்தான் இருக்கு. பொறவு இல்ல. அவுக கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக, ‘சொல்லியிருப்பாகல்லா? சொல்லியிருப்பாகல்லா?’ன்னு.”

பிறகு என் முகத்துக்கு நேரே கேட்டாள்: “சொன்னீகளாக்கா?”

“சொன்னேன்” என்றேன்.

அவள் உடனே ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பி, “ஏ, கேட்டீகளா? சொன்னாகளாம். உங்க பேரச் சொன்னாகளாம்” என்று அவனிடம் சொன்னாள். கூட்டம் முழுக்க அழுதது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஜூலை 7, திங்கள்

எழுபத்திரண்டு மனு. அண்ணாச்சி இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது வாபஸ் கடிதத்தை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். துளையிட்டு, நூல் கோத்து, கேள்விக் கோப்பில் அதற்குரிய இடத்தில் வைத்தார். ஜூன் 16 என்று தேதியிட்ட, கையெழுத்தில்லாத கடிதம். அரசாங்க வேலை பார்த்தவருக்குக் காகிதத்தைக் கிழிக்கக் கை வராது.

“ஏன் அண்ணாச்சி அன்னைக்கு என்னைக் கட்டாயப்படுத்தல?” என்று சத்தம் போட்டேன்.

“நீங்க ரவிக்கைக்கு அளவெடுத்துட்டீக. அதுக்குப் பொறவு என்னத்தம்மா சொல்ல?” என்றார். வழக்கமான குரலில்தான் சொன்னார்.

நானே சொல்லிக்கொள்கிறேன், இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஜூலை ஒன்றாம் தேதி அவன் நெடுவிளை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். பதினோரு பேருக்காக யோசித்தேன் என்று எழுதியிருக்கிறேன். பொய். பதினோரு பேர் இருந்தார்கள், அது உண்மை. நான் யோசித்தது அவர்களுக்காக இல்லை. ஒரே ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும் என்று இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அதே கேள்வியைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. “ஏற்கெனவே விடையளிக்கப்பட்ட பொருள்.” இந்தக் கூட்டத்தொடரில் அதை இனி எழுப்ப முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒன்றின் மேல் யாரோ பழைய தலையணைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

அவைக்குறிப்பு தபாலில் வந்தது. எண்பத்தாறாம் பக்கம். நன்றி முழுவதும் இருக்கிறது, ஒரு எழுத்துப் பிழையில்லை. கவிதை, மேசையைத் தட்டியது, எல்லாம். “என் தொகுதியில...” என்று மூன்று புள்ளி. மைக் அணைந்தபின் சொன்னது குறிப்பில் ஏறாது. அண்ணாச்சியிடம் திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். “சொன்னது தப்பா ஏறியிருந்தாத்தான் திருத்தலாம். ஏறாததை ஏத்த முடியாதும்மா” என்றார்.

புத்தகத்தைப் பீரோவில் வைத்தேன். அந்தக் கதவு மூடித் தொலைய மாட்டேன் என்கிறது.

ஜூலை 28, திங்கள்

முப்பிடாதி வந்தாள். வருவாள் என்று தெரியும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும்தான் உள்ளே வந்தாள். விதவை உதவித்தொகைக்கு மனு கொடுக்க வேண்டும். கையில் இறப்புச் சான்றிதழ்.

“அந்தப் புத்தகம் வந்திருச்சாக்கா?” என்றாள்.

இன்னும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பீரோ திறந்தேதான் இருந்தது, அவள் கண் அங்கே போய்விட்டது. எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்தாள். தலைவர், தாய், கொறடா. விரல் மூன்று புள்ளியில் வந்து நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே எட்டாவது கேள்வி, ஏதோ ஏரி. திரும்பப் பழைய பக்கத்துக்கு வந்தாள்.

“அடைப்புக்குள்ள ‘சிரிப்பு’ன்னு போட்டிருக்கே” என்றாள். “எதுக்குக்கா சிரிச்சாக?”

மைக் அணைந்துவிட்டது, அதற்குப் பிறகு சொன்னேன், தொண்டை கிழியச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொன்னால் அதோடு கடிதத்தையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கோழை.

அவள் புத்தகத்தை மூடி, முந்தானையால் அட்டையைத் துடைத்து மேசையில் வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால், புத்தகத்தை மூஞ்சியில் எறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“மனுவ எழுதித் தாங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். அவ்வளவுதான்.

அண்ணாச்சி பேனாவை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். நானே எழுதினேன். மனுதாரர்: முப்பிடாதி, கணவர் பெயர்: கொம்பையா. கோம்பையா இல்லை. சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். மனுப் பதிவேட்டில் நாற்பத்தோராவது எண்ணில் அந்தப் பேரை ஏற்றினேன்.

கீழே “ஆவன செய்யுமாறு பரிந்துரைக்கிறேன்” என்று எழுதி, மணி பார்க்காமல் உடனே கையெழுத்துப் போட்டேன்.